கெட்ட வட்டும் தாமதித்த வட்டும்: வீட்டுக் கணினியில் டிவிடி எழுதிய காலத்தின் வரலாறு

வீட்டுக் கணினியில் டிவிடி வட்டு எழுதுவது 2001-ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் செல்வாக்குடன் இருந்து பின்னர் மறைந்த ஒரு வழக்கமாகும். அக்காலத்தில் அடிக்கடி எழுந்த குறைகளுள் ஒன்று, 16 மடங்கு வேகம் என்று பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட டிவிடி ரைட்டர், ஆறு நிமிடங்களில் முடிக்க வேண்டிய வேலையை அரை மணி நேரத்துக்கும் மேலாக இழுத்தடிக்கிறது என்பதாகும். இந்தத் தாமதத்தின் காரணங்களை அவை தோன்றிய வரிசையில் ஆராய்ந்தால், அவற்றுள் முக்கியமானவை பழுதுகள் அல்ல என்பதும், வட்டு வீணாகாமலும் தரவு சிதையாமலும் காப்பதற்காகப் பொறியாளர்கள் வெவ்வேறு காலங்களில் சேர்த்த பாதுகாப்பு ஏற்பாடுகளே பயனரின் கண்ணுக்கு வேகக் குறைவாகத் தோன்றின என்பதும் புலப்படும்.

எழுதத்தக்க ஒளிவட்டின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. சோனி, ஃபிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஆலையில் அச்சில் வார்க்கப்படும் பொருளாகவே இருந்தது. அதன் சுருள்வடிவத் தடத்தில் பதிந்துள்ள நுண்குழிகளை லேசர் ஒளியால் படிக்க இயலுமே தவிர, புதிதாக எதையும் பதிக்க இயலாது. தாயோ யூடென் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1988-இல் உருவாக்கிய சிடி-ஆர் வட்டில் குழிகளுக்குப் பதிலாகக் கரிமச் சாயப் படலம் ஒன்று பூசப்பட்டிருந்தது. ஆற்றல் மிகுந்த லேசர் அப்படலத்தைச் சுடும்போது, சுடப்பட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால், படிக்கும் கருவிக்கு அது குழியாகவே தெரிந்தது. இவ்வகை வட்டுக்கான தரவரையறை 1990-இல் ஆரஞ்சு நூல் என்ற பெயரில் வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் நிறுவனங்கள் மட்டுமே வாங்கத்தக்க விலையில் இருந்த எழுதுகருவி, 1995-இல் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனம் 1000 டாலருக்கும் குறைவான விலையில் ஒன்றை வெளியிட்ட பின்னரே வீட்டு மேசைக்கு வரத் தொடங்கியது.

அக்காலக் கருவிகளுக்கு ஓர் இறுக்கமான விதி இருந்தது. லேசர் எழுதத் தொடங்கிவிட்டால் தடத்தின் இறுதிவரை இடையறாமல் எழுதியாக வேண்டும். நடுவில் நின்றால் விட்ட இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்துத் தொடரும் திறன் கருவிக்கு இல்லை. கணினியிலிருந்து வரும் தரவில் ஏற்படும் சிறு தடங்கல்களைச் சமாளிப்பதற்காகக் கருவிக்குள் பஃபர் எனப்படும் இடைநினைவகம் வைக்கப்பட்டிருந்தது. சிடி வேகத்தின் ஒரு மடங்கு என்பது நொடிக்கு 150 கிலோபைட் ஆதலால், நான்கு மடங்கு வேகத்தில் எழுதும் கருவி 1 மெகாபைட் இடைநினைவகத்தை இரண்டு நொடிகளுக்குள் காலி செய்துவிடும். அந்த நேரத்துக்குள் புதிய தரவு வந்து சேராவிட்டால் இடைநினைவகம் வறண்டு, எழுதுதல் அறுந்து, வட்டு பயனற்றதாகிவிடும். ஆகவே எழுதுவதற்கு முன் திரைக்காப்பு நிரலை நிறுத்துவது, வைரஸ் தடுப்பு நிரலை அணைப்பது, வன்தட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது, லேசரின் ஆற்றலைக் குறைத்து வைத்து ஒருமுறை ஒத்திகை பார்ப்பது, வேலை முடியும்வரை விசைப்பலகையைத் தொடாமலிருப்பது என்று ஒரு தனி ஒழுக்கமே உருவாகியிருந்தது.

இந்நிலையை 2000-ஆம் ஆண்டு மாற்றியது. அவ்வாண்டில் சான்யோ நிறுவனம் பர்ன்-புரூஃப் என்னும் நுட்பத்தை அறிமுகப்படுத்த, பிளெக்ஸ்டர் நிறுவனம் அதைத் தன் கருவியில் சேர்த்து விற்றது. ரிக்கோவின் ஜஸ்ட்லிங்க் உள்ளிட்ட இணையான நுட்பங்களும் அடுத்தடுத்து வந்தன. இடைநினைவகம் வறளப்போவதைக் கருவி முன்கூட்டியே உணர்ந்து, எழுதுவதை ஓர் ஒழுங்கான இடத்தில் நிறுத்தி, தரவு மீண்டும் நிரம்பியதும் மைக்ரோமீட்டர் கணக்கிலான சிறு இடைவெளியுடன் அதே இடத்திலிருந்து தொடர்வதே அந்நுட்பத்தின் சாரமாகும். வீணாகும் வட்டுகள் இதனால் பெருமளவு குறைந்தன. ஆனால், அதுவரை தரவு போதிய விரைவில் வராததைக் கெட்டுப்போன வட்டு உடனே காட்டிக்கொடுத்தது. இந்நுட்பம் வந்தபின் அதே குறைபாடு வட்டைக் கெடுக்காமல், நின்று நின்று எழுதும் தாமதமாக உருமாறியது. அதுவரை எழுதுவது எப்படித் தவறாமல் முடியும் என்று கேட்ட பயனர், இனி ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்க நேர்ந்ததற்கு இந்த மாற்றமே அடிப்படையாகும்.

டிவிடி இக்கட்டத்தில்தான் வீட்டுக்கு வந்தது. சிடியில் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பயன்பட்டது என்றால், டிவிடியில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் பயன்பட்டது. தடங்களின் இடைவெளியும் 1.6 மைக்ரோமீட்டரிலிருந்து 0.74 மைக்ரோமீட்டராகக் குறைந்ததால், அதே அளவுள்ள வட்டில் 4.7 கிகாபைட் தரவு அடங்கியது. பயனியர் நிறுவனம் 1997-இல் வெளியிட்ட முதல் டிவிடி-ஆர் எழுதுகருவி 3.95 கிகாபைட் மட்டுமே கொள்ளும் வட்டில் எழுதியது. அதன் விலை 17000 டாலர் அளவில் இருந்தது. அதே நிறுவனத்தின் வேறொரு கருவி 2001-இல் ஆப்பிளின் பவர் மேக் ஜி4 கணினியில் சூப்பர்டிரைவ் என்ற பெயரில் இடம்பெற்றதுதான் வீட்டு டிவிடி எழுதுதலின் தொடக்கம் எனலாம். இதற்கிடையில் ஃபிலிப்ஸ், சோனி, ஹியூலெட்-பேக்கர்டு, ரிக்கோ முதலிய நிறுவனங்கள் தனி அணியாகத் திரண்டு டிவிடி பிளஸ் என்னும் போட்டி வடிவத்தை உருவாக்கின. ஒருமுறை மட்டும் எழுதத்தக்க டிவிடி பிளஸ் ஆர் வட்டு 2002-இல் வந்தது. அதே ஆண்டில் சோனி இரு வடிவங்களையும் எழுதும் ஒரே கருவியை வெளியிட்டு, வாங்குவோரின் குழப்பத்தைக் குறைத்தது.

டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 1385 கிலோபைட். இது சிடியின் ஒரு மடங்கைப்போல் ஒன்பது மடங்குக்கும் சற்று அதிகம். ஒரு மடங்கு வேகத்தில் முழு வட்டு எழுத ஏறத்தாழ 57 நிமிடங்கள் ஆகும். இரு மடங்கில் 28 நிமிடங்களும் நான்கு மடங்கில் 14 நிமிடங்களும் ஆகும். 16 மடங்கு எனப்படும் கருவியோ இக்கணக்குக்கு முழுவதும் கட்டுப்படாது. எட்டு மடங்கைத் தாண்டிய வேகங்களில் வட்டின் சுழற்சி வேகத்தை மாறாமல் வைத்திருப்பதே நடைமுறையாக இருந்தது. நிமிடத்துக்குப் பத்தாயிரத்தை நெருங்கும் சுற்றுகளுடன் வட்டு சுழலும்போது, சுற்றளவு குறைந்த உள்விளிம்பில் எழுதும் வேகம் ஆறரை மடங்கு அளவில்தான் இருக்கும். வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான் அது 16 மடங்கை எட்டும். டிவிடி உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுவதால், தொடக்கத்தில் திரையில் ஆறு மடங்கு என்று காண்பது குறைபாடு அன்று. அவ்வாறே, 2004-இல் வந்த 8.5 கிகாபைட் இரட்டை அடுக்கு வட்டு தொடக்கத்தில் 2.4 மடங்கு வேகத்திலேயே எழுதப்பட்டதால், முக்கால் மணி நேரம் ஆனதும் இயல்பேயாகும்.

உண்மையான தாமதத்தின் தலையாய காரணம் எழுதுகருவிக்கு வெளியே, அதைக் கணினியுடன் இணைத்த ஐடிஇ என்னும் இணைப்பில் இருந்தது. அவ்விணைப்பில் தரவு இரண்டு முறைகளில் செல்லக்கூடும். பிஐஓ எனப்படும் பழைய முறையில் மையச் செயலியே ஒவ்வொரு தரவுத் துணுக்கையும் எடுத்துக் கொடுக்க வேண்டும்; டிஎம்ஏ எனப்படும் முறையில் செயலியின் தலையீடின்றித் தரவு நினைவகத்துக்கும் கருவிக்கும் இடையே நேரடியாகப் பாயும். பிஐஓ முறையின் உச்ச வேகம் ஏட்டளவில் நொடிக்கு 16.6 மெகாபைட், நடைமுறையில் அதில் ஒரு பகுதியே கிடைக்கும். எழுதுகருவிகளுக்கு வழக்கமான டிஎம்ஏ முறை 33.3 மெகாபைட் வரை தரும். 16 மடங்கு வேகத்துக்கு நொடிக்கு 22 மெகாபைட் தேவைப்படுவதால், பிஐஓ முறையில் சிக்கிய கருவியால் அந்த வேகத்தை எவ்வகையிலும் எட்ட இயலாது. அத்தகைய கணினியில் எழுதும்போது செயலி முழுவதும் அந்த வேலையிலேயே மூழ்கிவிடுவதால், சுட்டெலியின் அம்பு துள்ளித் துள்ளி நகர்வதும் ஒலித்துக்கொண்டிருக்கும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பதும் உடன்வரும் அறிகுறிகளாக இருந்தன.

விண்டோஸ் 98 காலத்தில் டிஎம்ஏ முறையைப் பயனரே தேர்ந்து குறியிட வேண்டியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி அதைத் தானாகவே தேர்ந்துகொண்டது. ஆயினும் அதனுள் வேறொரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்தது. ஒரு கருவியுடன் தரவு பரிமாறும்போது நேரம் கடந்துபோதல், சரிபார்ப்புக் கணக்கு பொருந்தாமை ஆகிய பிழைகள் மொத்தமாக ஆறு நேர்ந்துவிட்டால், அவ்விணைப்பை நம்பத் தகாததென்று கருதி, இயங்குதளம் அதன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து இறுதியில் பிஐஓ முறையில் நிறுத்திவிடும். இடையில் எத்தனை ஆயிரம் பரிமாற்றங்கள் வெற்றியாக முடிந்தாலும் அந்த எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பாது என்பதே இதன் சிக்கலாகும். கீறல் விழுந்த வட்டுகளைப் படிக்க முயன்றபோது பல மாதங்களில் சிறிது சிறிதாகச் சேர்ந்த பிழைகளும் நல்ல நிலையிலுள்ள ஒரு கருவியை நிரந்தரமாக மெதுவாக்கிவிடும். இயங்குதளம் இதைப் பற்றி எந்த அறிவிப்பும் காட்டாது. கருவி மேலாளர் என்னும் பகுதியில் எழுதுகருவி இணைந்த ஐடிஇ இணைப்புத் தடத்தின் பண்புகளைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே நடப்பு முறை பிஐஓ என்ற உண்மை தெரியும். அத்தடத்தை அங்கிருந்தே நீக்கிவிட்டுக் கணினியை மீண்டும் தொடங்கினால், இயங்குதளம் அதைப் புதிய கருவியாகக் கண்டறிந்து டிஎம்ஏ முறையை மீண்டும் அளிக்கும். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னரும் பிழை எண்ணிக்கையை அழிப்பதற்கான ஓர் அமைப்பை மைக்ரோசாஃப்ட் பின்னர் வழங்கியது.

மூன்றாவது பாதுகாப்பு ஏற்பாடு வட்டுக்கும் கருவிக்கும் இடையில் இருந்தது. ஒவ்வொரு காலி டிவிடியிலும் அதைத் தயாரித்த ஆலையின் குறியீடும் அது தாங்கும் வேகமும் ஆலையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். கருவிக்குள் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரலில், எந்தக் குறியீட்டுக்கு லேசரின் ஆற்றலை எவ்வளவு வைக்க வேண்டும், துடிப்புகளை எவ்வாறு அமைக்க வேண்டும் என்னும் பட்டியல் இருக்கும். செருகப்பட்ட வட்டின் குறியீடு பட்டியலில் இல்லையென்றால், அதன் சாயம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறியாத கருவி, தவறு நேராத குறைந்த வேகத்தையே தேர்ந்துகொள்ளும். கருவி சந்தைக்கு வந்தபின் புதிய வட்டுகள் வந்துகொண்டே இருந்ததால், உற்பத்தியாளர்கள் அவ்வப்போது வெளியிட்ட உள்நிரல் மேம்பாடுகளில் பெரும்பகுதி இப்பட்டியலை நீட்டுவதாகவே அமைந்தது. பட்டியலில் உள்ள வட்டாயினும், எழுதத் தொடங்குமுன் அதன் உள்விளிம்பில் ஒதுக்கப்பட்ட பகுதியில் கருவி லேசரின் ஆற்றலைச் சோதித்துப் பார்க்கும்; எழுதும்போது தரம் குறைவதைக் கண்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கருவிகளும் இருந்தன. பெயர்பெற்ற ஆலைகளின் குறியீட்டைத் திருட்டுத்தனமாகப் பதித்த மலிவு வட்டுகள் சந்தையில் கலந்தபோது, பட்டியல் ஒன்றைச் சொல்ல வட்டு வேறொன்றாக நடந்துகொண்டு, இந்த ஏற்பாட்டைக் குழப்பின.

வட்டுத் தயாரிப்பின் இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் நேரம் பதியும் கருவிகள் செய்வதற்காக 1983-இல் தொடங்கப்பட்ட மோசர் பேயர் இந்தியா நிறுவனம், நெகிழ்வட்டுத் தயாரிப்புக்கு மாறி, பின்னர் 1999-இல் சிடி-ஆர் தயாரிப்பில் இறங்கியது. டெல்லியை அடுத்த நொய்டா வட்டாரத்தில் அமைந்த அதன் ஆலைகள் சில ஆண்டுகளிலேயே உலகின் பெரும் ஒளிவட்டு ஆலைகளின் வரிசையில் இடம்பெற்றன. இந்திய வாடிக்கையாளருக்குக் காலி வட்டின் விலை எட்டும் நிலைக்கு வந்ததில் இந்நிறுவனத்துக்கும் பங்குண்டு. தமிழ் உள்ளிட்ட மொழிகளின் திரைப்படங்களை அதுவே மலிவு விலை வட்டுகளாக வெளியிட்டபோது, அதன் பெயர் கணினி இல்லாத வீடுகளிலும் அறிமுகமாயிற்று. ஒளிவட்டுக்கான தேவை சரிந்த பின்னர் கடனில் ஆழ்ந்த இந்நிறுவனத்தைக் கலைக்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2018-இல் ஆணையிட்டது.

இடைநினைவகம், இணைப்பு, வட்டு ஆகியவை குறித்து மேலே கூறிய மூன்றும் பாதுகாப்பினால் விளைந்த தாமதங்கள். தரவு புறப்படும் இடத்திலேயே தேங்குவதால் ஏற்பட்ட தாமதங்களும் உண்டு. ஆயிரக்கணக்கான சிறு நிழற்படக் கோப்புகளை எழுதும்போது வன்தட்டின் படிமுனை ஒவ்வொரு கோப்புக்கும் இடம் மாற வேண்டியிருந்ததும், ஒரே ஐடிஇ கம்பியில் இணைந்த இரு கருவிகளுள் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் தரவு பரிமாற இயன்றதும் இவ்வகையின. முழு வட்டையும் ஒரே படிமக் கோப்பாக வன்தட்டில் முதலில் தொகுத்துக்கொண்டு பிறகு எழுதுவது இதற்குத் தக்க தீர்வாக இருந்தபோதிலும், விண்டோஸ் 98 பயன்படுத்திய கோப்பு முறை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை ஏற்காததால் பழைய கணினிகளில் அத்தீர்வு எளிதாகக் கைகூடவில்லை. வெளியே வைத்து இணைக்கும் கருவிகளுக்கு வேறொரு தடை இருந்தது: பழைய யுஎஸ்பி 1.1 இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட். டிவிடியின் ஒரு மடங்கே நொடிக்கு 11 மெகாபிட் ஆவதால், இணைப்பின் சொந்தச் செலவு போக எஞ்சுவது ஒரு மடங்குக்கும் போதாது. 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 தரவரையறை 2000-இல் வெளியானபோதிலும், அதைப் பெற்ற கணினிகள் வீடுகளில் பரவச் சில ஆண்டுகள் பிடித்தன.

வீடியோ வட்டு தயாரித்தவர்கள் எதிர்கொண்ட மிக நீண்ட காத்திருப்போ எழுதுதலைச் சேர்ந்ததே அன்று. வீட்டு டிவிடி பிளேயரில் ஓட வேண்டுமானால், படக்காட்சியைப் பொதுவாக எம்பெக்-2 என்னும் சுருக்க வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். அக்காலச் செயலிகளில் இரண்டு மணி நேரக் காட்சியை மாற்றப் பல மணி நேரம் பிடித்தது. மாற்றுதல், தொகுத்தல், எழுதுதல், எழுதியதைச் சரிபார்த்தல் ஆகிய நான்கையும் ஒரே பொத்தானின் கீழ் அடக்கிய மென்பொருள்கள், நான்கின் நேரத்தையும் எழுதுகருவியின் கணக்கில் சேர்த்துவிட்டன.

காரணங்கள் இவ்வளவு பலவாக இருந்ததால், அவற்றைப் பிரித்தறியும் முறையும் காலப்போக்கில் உருப்பெற்றது. 1997-இல் ஜெர்மனியில் வெளிவந்த நீரோ பர்னிங் ரோம் பரவலாகப் பயன்பட்ட மென்பொருள் என்றால், 2005-இல் இலவசமாக வெளிவந்த இம்ஜ்பர்ன் நோய்நாடும் கருவியாகவும் விளங்கியது. கணினியின் நினைவகத்திலுள்ள இடைநினைவகம், எழுதுகருவிக்குள் உள்ள இடைநினைவகம் ஆகிய இரண்டின் நிரம்பல் அளவையும் அது தனித்தனியே காட்டியது. முதலாவது அடிக்கடி வறண்டால் தடை வன்தட்டில் அல்லது பின்னணியில் ஓடும் பிற நிரல்களில் இருக்கிறது. முதலாவது நிரம்பியிருக்க இரண்டாவது மட்டும் வறண்டால் தடை இணைப்பில், பெரும்பாலும் பிஐஓ முறையில் இருக்கிறது. இரண்டும் நிரம்பியிருந்தும் வேகம் குறைவாயின் கருவியும் வட்டும் ஒன்றையொன்று ஏற்காத நிலை அது என்று முடிவு செய்யலாம். தரவு ஓடும் வழியில் எந்த இடத்தில் வறட்சி, எந்த இடத்தில் தேக்கம் என்பதைக் கண்டறியும் இந்த எளிய தர்க்கம், காரணமின்றிப் புதிய கருவி வாங்கும் செலவைத் தவிர்க்க உதவியது.

இச்சிக்கல்களுள் பல தீர்வு காணப்படாமலேயே காலத்தால் கடக்கப்பட்டன. 2003-இல் தொடங்கிய சாட்டா இணைப்பு, ஒரு கருவிக்கு ஒரு தனிக்கம்பி என்னும் முறையைக் கொண்டுவந்து, ஐடிஇ கம்பியின் பகிர்வுச் சிக்கலை ஒழித்தது. 2007-இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, தனி மென்பொருள் இன்றியே டிவிடி எழுதும் வசதியை அளித்தது. ஆனால் எழுதுதல் எளிதான அந்த வேளையில், ஒளிவட்டின் தேவையே குறையத் தொடங்கியிருந்தது. ஆப்பிள் 2008-இல் வெளியிட்ட மேக்புக் ஏர் கணினியில் வட்டுக் கருவியே இல்லை. விரல் அளவுள்ள பென் டிரைவ், 4.7 கிகாபைட்டை விடப் பல மடங்கு தரவைத் தாங்கியது. சிடி-ஆர் வட்டைத் தோற்றுவித்த தாயோ யூடென் நிறுவனம் 2015 இறுதியில் எழுதத்தக்க வட்டுத் தயாரிப்பிலிருந்து விலகியது.

வறளும் இடைநினைவகத்தைக் கண்டு நின்ற கருவியும், ஆறு பிழைகளைக் கண்டு வேகத்தைக் குறைத்த இயங்குதளமும், அறியாத வட்டைக் கண்டு தயங்கிய உள்நிரலும் தத்தம் அளவில் சரியாகவே நடந்துகொண்டன. அவற்றின் எச்சரிக்கையால் எண்ணற்ற வட்டுகள் கெடாமல் தப்பின என்பதில் ஐயமில்லை. ஆயினும் தாம் ஏன் மெதுவாகச் செல்கிறோம் என்பதை இம்மூன்றுள் ஒன்றுகூடத் திரையில் ஒரு வரியாக எழுதிக் காட்டவில்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால், பழுதே இல்லாத கருவிகளில் பழுதைத் தேடிய உழைப்பில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.